வீடு தேடி வரும் விளையாட்டு

ஜூன் 9, திங்கள்

கல்யாணத்துக்கு முன்னால் கரூரில் நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனி கொடுத்த டைரி இது. பழைய வருடத்துடையது. ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. கிழமைகள் பொருந்தாது. அடித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம்.

எழுத இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஒரு தொழில் ஆரம்பிக்கலாமா என்று பார்க்கிறேன். ஆரம்பிக்கவில்லை, பார்க்கிறேன். கரூரில் புது மேஜை விரிப்பு நெய்வதற்கு முன்னால் டிசைன்களைச் சின்னத் துண்டுகளாக அடித்து வெளிநாட்டுக்கு சாம்பிள் அனுப்புவோம். எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் தறியில் நூல் ஏறும். அதே மாதிரி.

படுக்கையறையில் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்று இருக்கிறது. கூடவே இரண்டு கன்ட்ரோலர், ஹெட்போன், கார் ஓட்டுவதற்கு ஒரு ஸ்டியரிங். வீட்டுக்காரர் பொங்கல் லீவில் வந்தபோது வாங்கியது. லீவு முழுக்க விளையாடினார். கத்தாருக்குத் திரும்பும்போது மேலே ஒரு துணியைப் போர்த்தி, "இதத் தொடாத மிருது, உனக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். வாரம் ஒரு தடவை துணியின் மேல் தூசு தட்டுகிறேன்.

நேற்று மாடிவீட்டு ஜெசிந்தா அக்கா அதைப் பார்த்துவிட்டார். அக்கா பிசியோதெரபிஸ்ட், வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். "ஏட்டி, இத எதுக்குப் பொத்தி வச்சிருக்க? சரவணம்பட்டி முழுக்க பேச்சுலர் பயலுவ. சனி ஞாயிறுக்கு வாடகைக்கு விட்டா கொத்திட்டுப் போவானுவ" என்றார்.

சிரித்துவிட்டேன். ராத்திரிச் சமையலின்போது மறுபடி அதுவே நினைவுக்கு வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

அறிவிப்பு எழுதினேன். "வீடு தேடி வரும் விளையாட்டு. டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி நாள் வாடகைக்குக் கிடைக்கும்." பேக்கரியிலும் மெஸ்களிலும் ஒட்டுவதாக அக்கா வாங்கிக்கொண்டு போனார். நம்பர் அக்காவுடையது. என் போன் அவர் பெயரில் இருக்கிறது. புது நம்பர் வந்தால் யார் என்று கேட்பார், வீண் சிரமம்.

அக்கா எப்போதும் பின்பக்க இரும்புப் படியில் இறங்கி, பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு வந்துதான் கூப்பிடுவார். ஹாலில் கேமரா இருக்கிறது. அவர் தோஹாவிலிருந்து பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. முன்வாசலும் சோபாவும் அதில் தெரியும். தனியாக இருக்கிறேன் அல்லவா, பாதுகாப்பு. அக்கா ஒருமுறை முன்வாசல் வழியாக வந்தபோது, எதற்கு அடிக்கடி வருகிறார் என்று அவர் கேட்டார். அதிலிருந்து இப்படி.

எனக்கு உண்மையில் வசதி அதிகம். காய்கறி, மளிகை, பால் எல்லாம் அவரே அங்கிருந்து போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார். காலையில் வாசலுக்கு வந்துவிடும். ஏடிஎம் கார்டுகூடத் தொலைத்துவிடுவேன் என்று அவரே வைத்திருக்கிறார். வெயிலில் அலைய வேண்டியதே இல்லை. எத்தனை பேருக்கு இப்படி அமையும்.

இன்று கத்தரிக்காய் சொத்தை. அவரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 14, சனி

சாம்பிள் தோற்றது. நிறையப் பேர் கூப்பிட்டார்களாம், ஒருவரும் எடுக்கவில்லை. போனிலேயே ஆடிக்கொள்வோம் என்றார்கள் சிலர். நண்பர்களோடு கேம் சென்டருக்குப் போனால்தான் கலகலப்பு என்றார்கள் சிலர். அறையில் டிவியே இல்லை என்றவர்கள் பாதி. ஒருவன் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறான். "எம் மவன் வயசுல இருப்பான், நல்லா குடுத்தேன்" என்றார்.

துணியை மறுபடி போர்த்தினேன்.

ஜூன் 17, செவ்வாய்

அக்கா மத்தியானம் படியில் உட்கார்ந்து வேறு ஒன்று சொன்னார். அவரிடம் பயிற்சி எடுப்பவர்களில் ரியாஸ் என்று ஒருவன் இருக்கிறான். சாப்பாடு டெலிவரி செய்கிறவன். லாரி இடித்துத் தொடை எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏப்ரலில் தூக்கிக்கொண்டுபோய் மேலே படுக்க வைத்ததுதான். இன்னும் தரைக்கு இறங்கவில்லை.

"சுவத்தப் பாத்து திரும்பிப் படுத்துக்கிடுதான். கால அசைக்கச் சொன்னா எதுக்குங்கான். அவனுக்குக் குடுத்துப் பாப்பமா? காசு குடுப்பான், சும்மா கேக்கல."

கொடுத்தேன். பெட்டியைத் துணிப் பையில் வைத்து, மேலே பழைய சேலையைச் சுற்றிப் பின் படி வழியாக அக்காவிடம் தந்தேன். டிவிக்குக் கீழே பெட்டி இருந்த இடம் மட்டும் தூசு இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. அங்கே துணியை மடித்து வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. காலையிலேயே கூப்பிட்டார். "ஏன் மிருது, யாரு என் கேம ஆடுனது?"

பெட்டியில் அவர் பெயரில் யார் விளையாடினாலும் அவர் போனில் காட்டுமாம். எனக்குத் தெரியாது. ரியாஸ் நேற்று ஏதோ கோப்பை ஜெயித்திருக்கிறான். அதுவும் அவர் போனுக்குப் போயிருக்கிறது.

"நான்தானுங்க" என்றேன்.

பிறகு சிரித்தார். "நீயா? அந்தக் கோப்பைய நானே இன்னும் ஜெயிக்கல."

"பொழுது போகலீங்க. சும்மா அமுக்கிப் பாத்தேன்."

"சரி, அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சேந்து ஆடலாம். இங்க ரூம்ல ஒரு பெட்டி இருக்குது."

கோபப்படவில்லை. நான்தான் வீணாகப் பயந்தேன்.

ஜூன் 25, புதன்

அக்காவின் போனை ஸ்பீக்கரில் போட்டு ரியாஸ் எனக்குப் பாடம் எடுத்தான். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் உட்கார்ந்து, கன்ட்ரோலருக்குப் பதில் சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு கற்றேன்.

"வளைவுக்கு முன்னாடியே பிரேக் அடிச்சிரணும்க்கா. வளைவுக்குள்ள போயி அடிச்சா சுத்திரும். வெளிய வரும்போது முழுசா அமுக்குங்க, பயப்படாதீங்க."

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"காலா? ஸ்டியரிங்கோட பெடல் இருக்குல்லக்கா, அந்தக் காலாலதான் மிதிக்கறேன். ஜெசிந்தா அக்காகிட்ட சொல்லிராதீங்க" என்றான். பக்கத்தில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஜூன் 27, வெள்ளி

அக்கா நேற்றே பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார். இன்று அவரோடு விளையாடினேன். எனக்கென்று பெட்டிக்குள் ஒரு பெயர் போட்டுக் கொடுத்தார். நவா ஒய்ஃப். அவர் பெயர் நவநீதன் அல்லவா.

ஒரு ஊருக்குள் இரண்டு பேரும் நடக்க வேண்டும், எதிரிகள் வருவார்கள். "எம் பின்னாடியே வா. தனியாப் போகாத. கதவத் தொறக்காத, நான் தொறக்கறேன்" என்று ஹெட்போனில் சொல்லிக்கொண்டே வந்தார். விளையாட்டில் அப்படித்தான் போக வேண்டும் போலிருக்கிறது. நான் பின்னாலேயே போனேன். அவர் முதுகுதான் தெரிந்தது.

சந்தோஷமாக இருந்தார். ரொம்ப நாளாக நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஜூலை 2, புதன்

புது வாடிக்கையாளர். மாசமாக இருக்கும் ஒரு பெண். பிரசவம் வரை படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு நாள், பிறகு மறுபடி ரியாஸுக்கு. அதற்கடுத்து முதுகுத் தண்டில் ஆபரேஷன் செய்த ஒரு பேங்க்காரர் கேட்டிருக்கிறார்.

நான் ஒரு கேள்வித் தாள் எழுதிக் கொடுத்தேன். மறுபடி எடுப்பீர்களா, எத்தனை நாளுக்கு, எந்த விளையாட்டு, இதற்கு முன் பொழுதுக்கு என்ன செய்தீர்கள். அக்கா பயிற்சி கொடுத்துக்கொண்டே கேட்டு வந்து சொல்கிறார். அந்தப் பெண்ணின் பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன். "முன்னாடி ஃபேனப் பாத்துட்டுப் படுத்திருந்தேன். இப்ப கார் எடுத்துட்டு மலை மேல போறேன். ஜெயிக்கெல்லாம் இல்ல, சும்மா போறேன்."

தெரிந்துகொண்டது: நாங்கள் தப்பான இடத்தில் ஒட்டினோம். வெளியே போக முடிந்தவர்களுக்கு இது தேவையில்லை. முடியாதவர்கள்தான் கேட்கிறார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது என்னையே பார்த்தார். "நீ கெட்டிக்காரிட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

ஜூலை 4, வெள்ளி

கார் பந்தயம் ஆடலாம் என்றார். ரியாஸ் சொன்ன மாதிரி வளைவுக்கு முன்னாலேயே பிரேக் அடித்தேன், வெளியே வரும்போது முழுசாக அமுக்கினேன். அவர் கார் எனக்குப் பின்னால் போய்விட்டது. கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஜெயித்துவிட்டேன்.

அவர் பக்கம் அணைந்துவிட்டது. நெட் போய்விட்டது போல.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு நாளாகக் கூப்பிடவில்லை. காய்கறியும் வரவில்லை. வீட்டில் இருந்த பருப்பை வைத்துச் சமாளித்தேன். அக்கா ஒரு கட்டு கீரையும் முட்டையும் கொடுத்தார். வேலை அதிகமாக இருந்திருக்கும், மறந்திருப்பார்.

ஜூலை 7, திங்கள்

காய்கறி வந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று பெரிய சாம்பிள். காளப்பட்டி ரோட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல். அதன் வார்டன் சரோஜினி மேடத்துக்கு முழங்கால் வலி, அக்காதான் பார்க்கிறார். ராத்திரி எட்டுக்கு கேட் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் படுக்கையில் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று மேடம் குறைப்பட்டிருக்கிறார்.

மெஸ் ஹால் டிவியில் மாட்டினார்களாம். அக்கா நடித்தே காட்டினார். நைட்டியோடு வந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிட்டார்கள். சண்டை விளையாட்டை யாரும் தொடவில்லை. எல்லாருக்கும் ஸ்டியரிங்தான் வேண்டும். சமையல்கார அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டி, கடலுக்குள் விட்டுவிட்டார். சாயங்கால டீயை யாருமே கேட்கவில்லையாம்.

"அடுத்த மாசம் எல்லா ஞாயித்துக்கிழமையும் வேணுங்காங்க. இன்னொரு பெட்டி கெடைக்குமான்னும் கேக்காங்க. மேடம் கேட்டாங்க, இத நடத்துத பொண்ணு யாரு, ஏன் ஒருநாளும் வரலன்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஊருக்குப் போயிருக்கான்னேன். வேற என்னத்தச் சொல்ல."

நான் எந்த ஊருக்கும் போய் நாளாகிவிட்டது. கரூருக்குக்கூட. அவர் இல்லாதபோது அப்பா வீட்டுக்குப் போனால் வீட்டை யார் பார்ப்பது.

ஜூலை 16, புதன்

ஹாலில் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"என்ன பண்ணிட்டிருக்கற?"

"துணி மடிக்கறனுங்க."

"தெரியுது. நீல டவல் மடிச்சிட்டிருக்கற. ஆனா உம்பேரு கேம்ல ஆடிட்டிருக்குதே."

ரியாஸ். இன்று அவன் முறை.

"அணைக்காம வந்துட்டனுங்க."

"அணைக்காம வந்தா நின்னுட்டிருக்கும். ஓடிட்டிருக்குது மிருது. முந்நூறுல ஓடிட்டிருக்குது."

அவர் குரல் ஏறவில்லை. அவர் எப்போதும் கத்துகிறவர் இல்லை. "நாளைக்குப் பெட்டிய எடுத்து ஹால் டிவில மாட்டு. இனி அங்கயே இருக்கட்டும். நீ ஆடறத நானும் பாக்கறேன்" என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். என்ன குழம்பு என்றார். சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

ரியாஸிடமிருந்து பெட்டி வந்துவிட்டது. அவன் "வீட்டுல ஏதாவது பிரச்சனையா" என்று மட்டும் கேட்டிருக்கிறான். ஹால் டிவியில் மாட்டினேன். கேமராவைப் பார்த்து, "சரிங்களா?" என்று கேட்டேன். போனில் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தோம்.

ஜூலை 22, செவ்வாய்

தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஹாலில் உட்கார்ந்து ஆடுகிறேன். ஆடாவிட்டால் ஏன் ஆடவில்லை என்று மெசேஜ் வருகிறது. நன்றாக ஆடினால் சந்தேகம், மோசமாக ஆடினாலும் சந்தேகம். நடுவில் ஆடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சாதம் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

அக்கா பின்கதவைத் தட்டினார். திறந்து வெளியே போனேன்.

"ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்கு என்ன சொல்ல? பிள்ளைய பேரு எழுதி வச்சிருக்குவ, யாரு முதல்ல ஓட்டதுன்னு."

"வேண்டாம்னு சொல்லிருங்க அக்கா."

"சரி."

போகாமல் நின்றார். பிறகு சொன்னார். "நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. எனக்கு எலும்பு உடைஞ்சவங்கள நல்லாத் தெரியும். கட்டுப் போட்டு ரொம்ப நாளு வச்சிருந்தா எலும்பு கூடிரும், ஆனா மூட்டு இறுகிப் போவும். கட்டப் பிரிச்ச பெறவும் கைய நீட்ட மாட்டாங்க. வலிக்கும்னு இல்ல, பழகிப் போச்சு. உன்னப் பாத்தா எனக்கு அந்த நெனப்புதாம் வருது."

எனக்கு ஒன்றும் உடையவில்லை அக்கா என்றேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன். ஆடுகிற நேரம். கன்ட்ரோலரை எடுத்தேன். நவா ஒய்ஃப் என்று திரையில் வந்தது. ஹாஸ்டலில் இந்நேரம் சாப்பாடு முடிந்திருக்கும், மெஸ் ஹாலில் நாற்காலிகளை ஓரம் தள்ளியிருப்பார்கள், அக்கா போய் இல்லை என்று சொல்லியிருப்பார், எல்லாரும் மேலே அறைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். நான் பார்த்தே இராத இடம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

எழுந்து டிவிக்குப் பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினேன்.

ஒயரைச் சுற்றும்போதே போன் அடித்தது. சோபாவில் கிடந்தது. அவர் முகம் திரையில் வந்து வந்து போனது. பெட்டியைப் பையில் வைத்தேன், ஸ்டியரிங்கை வைத்தேன். போன் நின்று மறுபடி அடித்தது. கேமராவில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து அவர் குரல் வந்தது. "மிருது, எங்க எடுத்துட்டுப் போற? மிருது. பெட்டியக் கீழ வை."

கீழே வைத்தேன். உண்மையிலேயே வைத்துவிட்டேன். குரல் கேட்டதும் கை தானாக இறக்கிவிட்டது.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டேன். மறுபடி தூக்கினேன். முன்வாசல் கதவைத் திறந்து, வெளியே வந்து, சாத்தினேன். உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா வாசலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். பையோடு என்னைப் பார்த்ததும், "இறுக்கிப் பிடிச்சுக்கோ, ரோடு மோசம்" என்றார்.

ஹாஸ்டலில் கைதட்டினார்கள். யாரோ ஒரு பெண், "நீங்கதான் அந்த அக்காவா?" என்றாள். சமையல்கார அம்மாவை முதலில் ஓட்டவிட்டோம். இந்த முறையும் கடலுக்குள்தான்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது என்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் அவர் பேசினார். "நாளைக்கு மாமா வந்து உன்னக் கூட்டிட்டுப் போவாரு. நான் வர்ற வரைக்கும் பொள்ளாச்சில அக்கா வீட்டுல இரு. உனக்குத் தனியா இருந்து மனசு சரியில்ல." அவருடைய அக்கா வீடு தோப்புக்கு நடுவில் இருக்கிறது. பஸ் வரும் ரோட்டுக்கு அங்கிருந்து வெகுதூரம்.

சரிங்க என்றேன்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அடிச்சாரா?" என்றார் அப்பா.

"இல்லீங்ப்பா."

"குடிக்கறாரா?"

"இல்லீங்."

"வேற பொம்பள சவகாசம் ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்ப்பா."

"அப்புறம் என்னம்மா?"

கேள்வித் தாள் எழுதியவளுக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. கேமராவைப் பற்றிச் சொன்னேன். நல்லதுதானே என்றார்.

மத்தியானம் ஜெசிந்தா அக்கா சரோஜினி மேடத்திடம் பேசினார். கணக்கும் ரிஜிஸ்டரும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம், சம்பளம் கொஞ்சம்தான், தங்கவும் சாப்பிடவும் இடம் உண்டு. "இன்னைக்கே வரச் சொல்லு, நாளைக்குன்னா மனசு மாறிப்போகும்" என்றாராம்.

உடுப்பு, சர்டிஃபிகேட், இந்த டைரி. பெட்டியையும் எடுத்துக்கொண்டேன், அது அவருடையது என்று தெரிந்தும்.

ஆகஸ்ட் 9, சனி

அவர் வந்தார். நேராக விமான நிலையத்திலிருந்து. இங்கே இருப்பதையும் பெட்டி யார் யாரிடம் போனது என்பதையும் அப்பாவிடம் சொல்லியிருந்தேன், அப்பா சொல்லிவிட்டாராம். ஹாஸ்டல் வாசலில் பார்வையாளர் அறை என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பெஞ்சும் ஒரு காலண்டரும். மேடம் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பார்த்ததும் பாவமாக இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"வா, போலாம்" என்றார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"ஏன் மிருது, உனக்கு அங்க என்ன கொற? ஒரு வேல செய்ய விட்டிருப்பனா? வாசலுக்கு எல்லாம் வந்துச்சுல்ல? யாரோ காலொடஞ்சவனுக்கும் ஹாஸ்டல் புள்ளைங்களுக்கும் எம் பெட்டியத் தூக்கிக் குடுத்திருக்கற. நான் உன்ன ஒரு வார்த்த திட்டுனனா?"

"இல்லீங்."

"அப்புறம்?"

அப்பா கேட்ட அதே அப்புறம். தரையைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் வந்தது இதுதான்: "நான் கடைசியா பஸ் ஏறுனது எப்பன்னு எனக்கே ஞாபகம் இல்லீங்."

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "பஸ்ஸா? பஸ்ல எதுக்குப் போற? அடுத்த லீவுக்குக் காரே வாங்கித் தரேன்."

"யாருங்க ஓட்டறது?"

காரை யார் ஓட்டுவது என்பதை அவர் யோசித்தே பார்த்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த முகம் மாறியது. எழுந்தார். "எம் பெட்டியக் குடு" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். கன்ட்ரோலர்கள், ஹெட்போன், ஸ்டியரிங், எல்லாம். மேலே துணி போர்த்தித்தான் கொடுத்தேன். ஸ்டியரிங் பைக்குள் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டேன், அவர் உள்ளே வைத்தார். அவ்வளவு பக்கத்தில் நின்றோம்.

"ஒரு மாசம் பாக்கறேன். அதுக்கு மேல நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி சாப்பிட முடியவில்லை. அவர் பின்னால் ஓடிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. எட்டு மணிக்கு கேட் பூட்டியபோது, முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு இதுவும் பூட்டுதானே என்று தோன்றியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அப்பா வந்து ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தங்கமானவர் என்றார். போகும்போது முறுக்குப் பொட்டலம் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவைக் கூட்டிவரவில்லை.

இங்கே கட்டில் அருகே ஜன்னல் இருக்கிறது. ஆனால் சுவரைப் பார்த்தது.

ஆகஸ்ட் 20, புதன்

சாம்பிள் முடிந்துவிட்டது, கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கத்தான் பெட்டி இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். இதுவரை வந்த வாடகை அக்காவிடம் இருக்கிறது. மேடம் ஹாஸ்டல் சார்பில் கொஞ்சம் முன்பணம் தருகிறேன் என்றார். சிங்காநல்லூரில் ஒருவர் பழைய பெட்டியையும் ஸ்டியரிங்கையும் விற்கிறாராம். ரியாஸ் கண்டுபிடித்துச் சொன்னான். அவன் ஊன்றுகோலோடு இப்போது முதல் மாடி வரை இறங்கிவிட்டானாம்.

அக்கா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று யோசித்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

மத்தியானம் கிளம்பினேன். காந்திபுரம் போய் மாறி சிங்காநல்லூர் போனேன். கண்டக்டரிடம் சில்லறை இல்லை என்று திட்டு வாங்கினேன். விற்பவர் வீட்டைக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது. பெட்டியை மாட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். அவர் மனைவி காபி கொடுத்தார்.

திரும்பும்போது காந்திபுரத்தில் கூட்டம். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மடியில் பெட்டி, காலுக்கு நடுவில் ஸ்டியரிங். வெகுநேரம் கழித்துப் பார்த்தால், ஏறியது மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ். துடியலூரில் இறங்கினேன். இருட்டிவிட்டது. யாருக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. போனை எடுத்து அக்கா பெயரை அமுக்கப் போனேன், பிறகு பக்கத்தில் நின்ற பூக்கார அம்மாவிடம் வழி கேட்டேன். "அந்தப் பக்கம் நில்லு கண்ணு, ஷேர் ஆட்டோ வரும்" என்றார். வந்தது.

ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தபோது எட்டைத் தாண்டிவிட்டது. கேட் பூட்டியிருந்தது. உள்ளே இருந்து சமையல்கார அம்மா எட்டிப் பார்த்து, "சாவி மேடத்துகிட்ட இருக்குதும்மா. கோயிலுக்குப் போயிருக்காங்க. நின்னுட்டு இரு, வந்து நல்லா திட்டு வாங்கு" என்றார்.

பூட்டிய கதவுக்கு வெளியே நான் நின்றதே இல்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிரில் பேக்கரி இருந்தது. பெஞ்சில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு டீயும் தேங்காய் பன்னும் சொன்னேன். ஆபீஸ் முடிந்த கூட்டம் நின்றுகொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. குடித்து முடித்தேன்.

மேடம் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள்.

இன்னொரு டீ சொன்னேன்.